கதவைத் திறந்தால் எரிய வேண்டிய லைட்

கார் வயரிங் வேலை செய்கிறவன் பயப்பட வேண்டியது, வாகனத்தைக் கயிறு கட்டி இழுத்து வருகிறவருக்கு இல்லை, தானே ஓட்டி வந்து "ஒரு சின்ன வேலை" என்று சொல்கிறவருக்குத்தான். இந்தத் தொழிலில் என்னோடு சேர்ந்து வேகிற அன்பர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எஞ்சின் நின்றால் நின்றபடி கிடக்கும், ஆறுதலாகத் தேடலாம். உள் லைட் அப்படியில்லை. கதவைத் திறந்தால் எரிய வேண்டிய அந்தச் சின்னப் பல்ப், நமக்கு முன்னால் நல்ல பிள்ளையாக எரியும். வீட்டுக்குப் போனதும் தன் குணத்தைக் காட்டும்.

எங்கள் கராஜ் கப்பல்துறையில், கண்டி வீதியோரம் இருக்கிறது. எஞ்சின் வேலை பாஸ்கரன் பார்ப்பான். கரண்ட் வேலை என்னுடையது. நீளக் கடற்கரை உள்ள எங்கள் மாவட்டத்தில் கரண்ட் வேலைக்குப் பஞ்சமில்லை. உப்புக்காற்று பழுதாக்கும், நாங்கள் திருத்துவோம், அது திரும்பவும் பழுதாக்கும்.

சின்ன வேலை

ஹனீபா நானா கிண்ணியாக்காரர். வாலிப வயதிலிருந்து வாடகைக்குக் கார் ஓட்டி ஹயர் ஓடியவர். இப்போது ஓய்ந்துபோய், வீட்டுத் தேவைக்கென்று ஒரு பழைய வெள்ளைக் காரை வைத்திருக்கிறார். ஒரு காலையில் வந்து, "தம்பி, ஒரு சின்ன வேலை. கதவைத் திறந்தா உள் லைட் பத்துதில்ல" என்றார். நான் கதவைத் திறந்தேன். லைட் எரிந்தது. நாலு கதவையும் மாறி மாறித் திறந்தேன். எரிந்தது. பொய் சொல்லும் பேரப்பிள்ளையைப் பார்ப்பதுபோல நானா அந்த லைட்டைப் பார்த்தார். "இஞ்ச பத்துது. எங்கட வாசல்ல பத்துதில்ல" என்றார்.

வேறு ஆளாக இருந்தால் சிரித்து அனுப்பியிருப்பேன். ஆனால் அவர் மெல்லிய குரலில் மிச்சத்தையும் சொன்னார். அவருடைய மனைவி சுபைதா ராத்தாவுக்கு இப்போது கண் பார்வை மட்டு. பொழுதுபட்டால் தரை எது, குழி எது என்று தெரியாது. போன கிழமை டவுனிலிருந்து திரும்பி வீட்டு வாசலில் கார் நின்றதும் கதவைத் திறந்திருக்கிறார். லைட் எரியவில்லை. தரை என்று நினைத்துக் காலை வைத்தது வாசலோரத்தில் மழைத்தண்ணி ஓடுகிற கானில். விழுந்ததில் மணிக்கட்டு வெடித்து, இப்போது கையில் பிளாஸ்டர். இனி அந்தக் காரில் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

கதவு நிலையில் ஒரு சின்ன முளை இருக்கும். கதவை மூடினால் உள்ளே அமுங்கும், திறந்தால் வெளியே வரும், லைட் எரியும். அதைக் கழற்றினேன். துரு. புதிது போட்டேன். மேலே கூரை லைட்டோடு ஒரு சுவிச் உண்டு. ஒரு பக்கம் தள்ளினால் எப்போதும் எரியும், மற்றப் பக்கம் தள்ளினால் எரியவே எரியாது, நடுவில் விட்டால்தான் கதவுக்கு எரியும். அது ஒழுங்காக நடுவில்தான் நின்றது. "நானா, இதில கை வைக்கிறனீங்களா?" என்று கேட்டேன். "அல்லாஹ் அறிய இல்ல. லைட் பத்தாட்டி மட்டும் அங்கயும் இஞ்சயும் தட்டிப் பார்ப்பன்" என்றார். துருதான் காரணம் என்று தைரியமாகச் சொல்லி அனுப்பினேன். சாவியை எடுத்துக்கொண்டு போகும்போது திரும்பி நின்று சொன்னார்: "அவ ஏறாட்டி எனக்கென்னத்துக்குத் தம்பி கார்?"

கறுப்பு மண்

அடுத்த கிழமையே திரும்பி வந்தார். வெள்ளோட்டமாகத் தனியே டவுனுக்குப் போய், பொழுதுபட்டபின் வாசலுக்கு வந்து கதவைத் திறந்திருக்கிறார். எரியவில்லை. கராஜில் திறந்தோம். எரிந்தது. நான் தலையைச் சொறிந்துகொண்டு நிற்கையில் புல்மோட்டையிலிருந்து ஒரு டபுள் கெப் வந்தது. அதற்கும் இதே வருத்தம், ஆனால் அது நேர்மையான வாகனம், எங்களுக்கு முன்னாலும் எரியவில்லை. முளையைக் கழற்றி, காற்றுக் குழாயைப் பிடித்ததும் உள்ளேயிருந்து கறுப்பு மண் சுரீரென்று வந்து என் முகத்தில் அடித்தது. புல்மோட்டைக் கடற்கரை மண். கண்ணைக் கழுவிவிட்டு வந்து பார்த்தால் லைட் எரிகிறது. இவ்வளவு மண்ணோடு எப்படி ஓடினீர்கள் என்று கேட்டேன். சாரதி அலட்டிக்கொள்ளவில்லை. "இது என்னண்ணை, எங்கட வீட்டுச் சோத்துக்குள்ள இதைவிடக் கூடக் கிடக்கும்" என்றார்.

எனக்கு ஞானம் பிறந்தது. அதே குழாயை ஹனீபா நானாவின் காரிலும் பிடித்தேன். கச்சான் கடலைக் கோது வந்தது. பேரீச்சங்கொட்டை ஒன்று வந்தது. பேரப்பிள்ளையின் பால்பல் மாதிரி ஏதோ ஒன்று வந்தது, அதை நானா சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மண் மட்டும் வரவில்லை. ஆனாலும் நம்பிக்கையோடு அனுப்பினேன். பாஸ்கரன் எஞ்சினுக்குள் தலையை விட்டபடியே சொன்னான்: "லைட் திருந்துதோ தெரியாது, கார் நல்லாத் துப்புரவாயிட்டுது."

சந்தனப் பொட்டு

மூன்றாவது தரமும் எரியவில்லை. அந்த நாட்களில் டவுனிலிருந்து ஒரு தம்பி, வாங்கிய சூடு ஆறாத வானைக் கொண்டு வந்தான். புது வான், உள் லைட் எரியவில்லை. கூடவே அவனுடைய அம்மாவும் வந்திருந்தார். கதவைத் திறந்து பார்த்தவுடனே விளங்கிவிட்டது. கோயிலில் வாகனப் பூசை செய்தபோது அம்மா ஒன்றையும் விடவில்லை. ஸ்டீரிங்குக்கு, டயருக்கு, வைப்பருக்கு, கண்ணாடிக்கு, எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். கதவு நிலையில் நாலு முளை சும்மா நிற்பதைக் கண்டு அவற்றுக்கும் தடிப்பாக வைத்திருக்கிறார். சந்தனம் காய்ந்து, முளைகள் உள்ளே அமுங்கியபடி ஒட்டிவிட்டன. ஈரத் துணியால் துடைத்தேன். வான் முழுக்க வெளிச்சம். அம்மாவுக்கு மட்டும் முகம் இருண்டுபோனது. "நீங்கள் துடைச்ச இடத்தில நான் திரும்ப வைக்கத்தான் போறன். பிறகு என்னைக் குறை சொல்லாதேங்கோ" என்றார்.

நான் அவருடன் வாதாடவில்லை. என் மனம் கிண்ணியாவில் நின்றது. உடனே ஹனீபா நானாவுக்குப் போன் எடுத்து, காரில் எண்ணெய், சென்ட், அந்த மாதிரி ஏதாவது யாராவது பூசுகிறார்களா என்று கேட்டேன்.  அவர் மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "தம்பி, காருக்கு அத்தர் பூசிற அளவுக்கு எனக்கு இன்னும் விசர் பிடிக்கல்ல."

பஸ்ஸுக்குப் பின்னால்

கிண்ணியா பஸ்ஸில் கொண்டக்டராக இருக்கும் ஒருவர் தன் மோட்டார் சைக்கிளின் ஹோர்னைக் காட்ட வந்தார். ஊர்க் கதையெல்லாம் அவர் வாயில் இருக்கும். வியாழக்கிழமைகளில் ஒரு கூத்து நடக்குதண்ணை என்று தொடங்கினார். கையில் பிளாஸ்டர் போட்ட ஒரு ராத்தா, டவுனில் படுக்கையாகக் கிடக்கும் தன் மூத்த சகோதரியைப் பார்க்க பஸ்ஸில் போகிறார். பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் கார், ஓட்டுகிறவரைத் தவிர ஒரு ஆளும் இல்லாமல் வருகிறது. பஸ் நின்றால் நிற்கிறது, எடுத்தால் எடுக்கிறது. பின்னேரம் திரும்பும்போதும் அப்படித்தான். ராத்தா கடைசிச் சீற்றில் இருந்து பின்கண்ணாடி வழியாக அந்தக் காரையே பார்த்துக்கொண்டு வருகிறார். ஒருநாள் ஒரு லொறி குறுக்கே வந்து கார் பின்தங்கியதும், கொஞ்சம் மெல்லப் போகச் சொல்லுங்க என்று கொண்டக்டரிடமே கேட்டிருக்கிறார்.

அவர் சிரித்தார், பாஸ்கரன் சிரித்தான், நானும் சிரிக்கத் தொடங்கி இடையில் நிறுத்திவிட்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு பல்ப், ஒரு முளை, ஒரு பிடி வயர், அதற்குள் இருக்கும் பிழையைப் பிடிக்க எனக்கு ஏலவில்லை, அதனால் ஒரு புருஷனும் பெண்சாதியும் இரண்டு வாகனத்தில் போகிறார்கள். பல்பை மாற்றியாகிவிட்டது, கூரை வரை வயரையும் புதிதாக இழுத்தாகிவிட்டது. இனி மாற்றுவதற்குக் காரில் ஒன்றும் மிச்சமில்லை. கொண்டக்டர் ஹோர்னை அடித்துப் பார்த்தபடி மிச்சத்தைச் சொன்னார்: "எங்கட டிரைவர் கேக்கிறார், நாங்கள் என்ன அந்தக் காருக்குப் பைலட்டா எண்டு."

மகளின் போன்

ரிஸ்னா, ஹனீபா நானாவின் மகள், டவுனில் ஆசிரியை. ஒருநாள் பள்ளிக்கூட இடைவேளையில் போன் எடுத்தார். பக்கத்தில் பிள்ளைகளின் சத்தம் கேட்டது. வாப்பா லைட் பழுது என்கிறார், நீங்கள் லைட் சரி என்கிறீர்கள், யார் சொல்வதை நம்ப என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, அதுதான் சங்கடமாக இருந்தது. வாப்பா கொஞ்ச நாளாகச் சாமான்களை வைத்த இடம் மறக்கிறாராம். லைட் எரிந்தும் எரியவில்லை என்று நினைக்கிறாரோ, தானே ஏதாவது செய்துவிட்டு மறந்துபோகிறாரோ என்று வீட்டில் எல்லோருக்கும் யோசனை. உம்மா ஏறாத கார், வாப்பா தனியே ஓடுகிற கார், இனி வேண்டாம் என்று முடிவெடுத்து, காரை வாங்க ஒருவரை வரச் சொல்லிவிட்டார்கள். வாற சனிக்கிழமை வந்து பார்ப்பாராம்.

அப்படியானால் வியாழக்கிழமை நான் அவர்களோடு டவுனிலிருந்து வீடுவரை காரில் வருகிறேன், அதுவரை பொறுங்கள் என்றேன். அந்த யோசனை அந்த நிமிஷம்தான் எனக்கு வந்தது. இத்தனை நாளும் கராஜில் வைத்துத்தான் பார்த்தேன், காரோடு ஒருநாளும் போய்ப் பார்க்கவில்லை. மணி அடித்தது. பிள்ளைகளின் சத்தம் அடங்கியது. ரிஸ்னா குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அண்ணன், ஒண்ட மட்டும் உண்மையாச் சொல்லுங்க. பிழை லைட்டிலதானே? வாப்பாட தலையில இல்லையே?"

மூன்று பேர் போன பயணம்

வியாழக்கிழமை பின்னேரம் ராத்தாவின் சகோதரி வீட்டுக்குப் போனேன். டோர்ச்சோடு நானே முதல் இறங்கி, கதவைத் திறந்து, காலடிக்கு வெளிச்சம் பிடிப்பேன் என்று வாக்குக் கொடுத்த பிறகுதான் ராத்தா ஏறச் சம்மதித்தார். அவர்கள் இருவரும் அந்தி மஃரிப் தொழுததும் புறப்பட்டோம். முன்னால் நானாவும் ராத்தாவும், பின்னால் நான். ஏறும்போது லைட் அழகாக எரிந்தது. நானாவுக்கு மனைவி பக்கத்தில் இருக்கிற சந்தோஷம். வழி முழுக்க மருமகனின் குறட்டையைப் பற்றியே கதை. அவர் வந்து தங்கினால் பக்கத்து வீட்டு ஆடு கத்துமாம்.

கிண்ணியாப் பாலத்துக்கு முன்னால் ஒரு வளைவு வந்தது. கார் மெதுவானது. முன் லைட் மங்கியது. நானாவின் இடது கை மேலே போய்க் கூரைச் சுவிச்சைத் தள்ள, உள்ளே வெளிச்சம் வந்தது. ராத்தா முக்காட்டைப் பின்னுக்குத் தள்ளி முகம் தெரிய நேரே நிமிர்ந்தார், கைப்பையை மடியில் எடுத்து வைத்தார். கார் ஊர்ந்தது. ரோட்டில் ஒருவரும் இல்லை, பூட்டிய செவ்விளநீர்க் கடை ஒன்று மட்டும் இருந்தது. வளைவு முடிந்ததும் அதே கை மேலே போய், சுவிச்சை மற்றப் பக்கத்துக்கு முட்டத் தள்ளியது. உள்ளே இருட்டு. முன் லைட் பளீரென்றது, கார் வேகமெடுத்தது. குறட்டைக் கதையில் ஒரு சொல்கூடத் தவறவில்லை.

வாகனத்தை ஓரமாக விடச் சொன்னேன். எங்கள் பக்கத்து அன்பர்களுக்கு விளங்கியிருக்கும், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். சண்டைக் காலத்தில் அந்த வளைவில் செக்பொயின்ட் இருந்தது. இருட்டினால் முன் லைட்டைக் குறைத்து, உள் லைட்டைப் போட்டு, உள்ளே யார் இருக்கிறார்கள் என்று ஆமிக்காரனுக்குத் தெரியும்படி ஊர்ந்து போக வேண்டும். அது எடுபட்டு எவ்வளவோ காலம். நானாவுக்கு அது நன்றாகத் தெரியும், அவருடைய கைக்குத்தான் ஒருவரும் சொல்லவில்லை. பகலில் அந்தக் கைக்கு வேலையில்லை, அதனால் கராஜில் பிடிபடவில்லை. இரவில் லைட் எரியாத கோபத்தில் தட்டித் தட்டி அவரே சுவிச்சை நடுவில் விட்டுவிடுவார், அப்போது எரிந்தாலும் பழுதான லைட் தட்டினதில் எரிகிறது என்று நினைப்பார், அடுத்த நாள் என்னிடம் வரும்போது எல்லாம் சரியாக இருக்கும். வருஷக் கணக்காக அந்த வாசலில் லைட் எரியாமல்தான் இருந்திருக்க வேண்டும். ராத்தாவின் கண் மங்கிய பிறகுதான் அது தேவைப்பட்டிருக்கிறது. இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான், என் விரல்கள் சட்டைப் பைக்குள் அடையாள அட்டையைப் பிடித்துக்கொண்டிருப்பதைக் கண்டேன்.

நானா நம்பவில்லை. "நான் இப்ப லைட் போட்டனா?" என்று மனைவியைக் கேட்டார். "போட்டீங்க. எப்பவும் போடுறதுதானே" என்றார் ராத்தா. "அப்ப ஏன் புள்ள நீ இவ்வளவு நாளும் சொல்லல்ல?" ராத்தாவுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "என்னத்தச் சொல்ற? அதுல லைட் போடாமப் போனா சுடுவாங்கதானே?" என்றார்.

ஒரு துண்டு வயர்

 தான் சொன்னது தன் காதிலேயே விழுந்ததும் ராத்தா வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு நானா சிரித்தார், நான் சிரித்தேன், ராத்தா பிளாஸ்டர் கையால் கண்ணைத் துடைத்தார். அந்த ரோட்டோரத்தில் நின்றே ரிஸ்னாவுக்குப் போன் எடுத்தேன். பிழை லைட்டிலும் இல்லை, வாப்பாவின் தலையிலும் இல்லை என்று நடந்ததைச் சொன்னேன். அந்தப் பக்கம் அழுகிற சத்தம் கேட்டது. பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வாங்க வருகிற ஆளுக்குத் தேத்தண்ணி மட்டும் குடுத்து அனுப்புறம் என்றார். 

மறுநாள் காலை நானா கராஜுக்கு வந்து, இனி அந்தச் சுவிச்சைத் தொடவே மாட்டேன் என்று சத்தியம் பண்ணப் பார்த்தார். நான் விடவில்லை. அந்தச் சத்தியம் அவருடைய வாய்க்குத்தான், கைக்குச் செல்லாது. சுவிச்சைக் கழற்றி எறி என்றான் பாஸ்கரன். அதற்கும் நான் இணங்கவில்லை. வளைவில் மேலே போகிற கை சுவிச்சைக் காணாமல் அங்குமிங்கும் தடவத் தொடங்கினால் காரை யார் பார்ப்பது? கூரையைத் திறந்து, கதவு முளையிலிருந்து வருகிற வயரை ஒரு துண்டு வயரால் நேரே பல்போடு சேர்த்துவிட்டேன். இனி நானாவின் கை சுவிச்சை எந்தப் பக்கம் தள்ளினாலும், கதவு திறந்தால் லைட் எரியும். கால்மணி வேலை. மூன்று கிழமை என்னைத் தின்றது அது.

அடுத்த வியாழக்கிழமை கிண்ணியாவில் எனக்குச் சாப்பாடு சொல்லியிருந்தார்கள். பொழுதுபட்டு, முகம் தெரியாத நேரம், நான் வாசலில் அந்தக் கானுக்குப் பக்கத்தில் நின்றேன். டோர்ச் பையில் இருந்தது.  கார் வந்து நின்றது. ராத்தா கதவைத் திறந்தார். லைட் எரிந்தது. கானும், கான் விளிம்பும், அங்காலே நல்ல தரையும் துலக்கமாகத் தெரிந்தன. ராத்தா குனிந்து பார்த்து, கானைத் தாண்டிக் காலை வைத்து, தானே இறங்கி நின்றார். நானா காருக்குள்ளேயே இருந்து, ஸ்டீரிங்கில் நெற்றியை வைத்து எதையோ ஓதினார். வழியில் அந்த இடத்தில் அவர் லைட் போட்டாரா என்று ராத்தாவிடம் மெதுவாகக் கேட்டேன்.

"போட்டார் தம்பி. நானும் முக்காட்டச் சரிசெஞ்சிட்டு நிமிந்து இருந்தன். அங்கால வந்த புறகுதான் ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்திச்சு."

ஆகவே அன்பர்களே, உள் லைட் எரியவில்லை என்று யாராவது வந்தால் டெஸ்டரை எடுக்க முன்னம் பின்சீற்றில் ஏறி அவர்களோடு வீடுவரை ஒருதரம் போய் வாருங்கள், பிழை அகப்படாவிட்டாலும் கிண்ணியாப் பக்கமென்றால் சாப்பாடாவது நிச்சயம்.